மூலையில் ஒரு களை

நகர்த் தோட்டச் சங்கத்தில் வாடகைக்கு ஒரு பாத்தி கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பெயரைக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டும் என்பார்கள். லிஃப்ட் மெக்கானிக் அப்படித்தான் பெயரைக் கொடுத்தார், மறந்தும் போனார். ஒரு நாள், பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“பாத்தி காலியாயிருக்கு. இன்னைக்கே வந்து எடுத்துக்கணும்,” என்றது ஒரு பெண் குரல்.

“திடீர்னு எப்படி மேடம் காலியாச்சு?”

“பாத்தி காலியாயிருக்கு,” என்றது குரல், முன்பு சொன்ன அதே மாதிரி.

அதற்குமேல் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரி இடங்களில், கேட்கத் தோன்றாதவர்களைத்தான் தேடிப்பிடித்து உறுப்பினராக்குகிறார்கள். இது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

பாத்தி அவருக்காக இல்லை, மனைவிக்காக. அவள் ஒரு பெரிய அலுவலகத்தின் கேண்டீனில் சமையல் பொறுப்பில் இருப்பவள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவள் நாக்கையும் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரியவில்லை, புளிப்பு தெரியவில்லை, பால் பொங்கித் தீய்ந்தால்கூட வாசனை தெரியவில்லை. டாக்டர், “தானா வரும்” என்றார். எப்போது என்று கேட்டதற்கு, “வரும்போது வரும்” என்றார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று மெக்கானிக்குக்கு வாய்வரை வந்தது, மென்று விழுங்கினார்.

சமையல்காரிக்கு நாக்கு செத்துப்போச்சு என்று வெளியே தெரிந்தால் வேலை அன்றைக்கே போய்விடும். அதனால் அந்த விஷயம் அந்த வீட்டின் நான்கு சுவரைத் தாண்டவில்லை. காலையில் அவள் அடுப்படியில் கொஞ்சமாகச் சமைப்பாள். இவர் ருசி பார்த்து, “இன்னும் ஒரு சிட்டிகை உப்பு போடலாம்” என்பார். அந்த அளவை மனதில் போட்டுக்கொண்டு போய் அவள் கேண்டீனில் பெரிய பாத்திரத்துக்குப் பெருக்கிக்கொள்வாள். பரிமாறிவிட்டு, சாப்பிடுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று எல்லோரும் அவளை மெச்சினார்கள்.

“ஏங்க, நானே விதை போட்டு, நானே தண்ணி ஊத்தி, நானே பறிச்சு ஒரே ஒரு தக்காளி தின்னா நாக்கு வந்துடும்னு எனக்குத் தோணுது,” என்று ஒரு நாள் சொன்னாள். அதில் வைத்தியம் எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவள் வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டே வெகுநாளாகிவிட்டது. அவர் அன்றைக்கே போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

தோட்டம் ஒரு கிடங்கின் பின்பக்கம் இருந்தது. நான்கு பக்கமும் ஆளுயரத்துக்குமேல் சுவர், ஒரே ஒரு இரும்புக் கதவு. உள்ளே பாத்திகள் கயிறு கட்டி, கோடு போட்ட நோட்டுத் தாளைப்போல ஒழுங்காகக் கிடந்தன. நடுவில், ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில் ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை. இருந்தாலும் பாத்திகளில் குனிந்திருந்தவர்கள் அடிக்கடி நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

சங்கத்தின் கூடமே அலுவலகமும். அங்கே சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒருவர்கூட நேராகப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்துப் படத்தைக் கடைக்கண்ணால் பார்க்கும்படி எடுக்கப்பட்டிருந்தார்கள். செயலாளர் அம்மா மேசைக்குப் பின்னால் இருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம்தான் அவரிடமிருந்து ஓய்வு பெற்றது என்று சொல்பவர்களும் உண்டு.

“சட்டம் ரொம்ப சுலபம். செடி உங்களோடது. மண்ணு சங்கத்தோடது. பார்வை எல்லாருக்கும் பொது,” என்றார்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். “பழுத்தா நாங்களே பறிச்சுக்கலாமா மேடம்?”

“தாராளமா. குறை இல்லாத பாத்தியில எப்ப வேணாலும் பறிக்கலாம்.” செயலாளர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பாத்தியின் ஓரத்தில் ஒரு பூவாளி இருந்தது, பாதித் தண்ணீரோடு. மண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி நீலச் செருப்பு, கழற்றி நேராக வைத்தபடி.

“இது யாரோடதுங்க மேடம்?”

“சங்கத்தோடது.”

“செருப்புமா?”

“இங்கிருந்து போறவங்க சங்கத்து மண்ணு ஒட்டின எதையும் வெளியில கொண்டு போகக்கூடாது. பூவாளியை நீங்க வெச்சுக்கலாம். செருப்பு அளவு சரியா இருந்தா அதையும்.”

மெக்கானிக் செருப்பின் அளவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே சரியாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது, அது ஏனென்று தெரியாமல் உள்ளங்கால் கூசியது.

பக்கத்துப் பாத்திக்காரர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். காது மடலில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். பாத்தி முழுக்கப் புதினா மட்டுமே போட்டிருந்ததால் அவருக்குப் புதினா அண்ணன் என்று பெயர். வந்த அன்றைக்கே, “தங்கச்சி, தக்காளிக்கு ரொம்ப ஆழமா குழி தோண்டாதீங்க” என்று தானாகவே வந்து விதையை மேலாகப் போட்டுக் காட்டினார். தோட்டத்தில் முகம் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். மற்றவர்கள் பாத்தியைப் பார்த்துப் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. எல்லோரும் கை கழுவாமல் கூடத்துக்குப் போனார்கள். தலைவர் வந்து உட்கார்ந்தார். அவர் ஒரு காலத்தில் எதற்கோ பெரிய அதிகாரியாக இருந்தவர். எதற்கு என்று கேட்டவர்கள் இப்போது தோட்டத்தில் இல்லை.

சங்கத்தின் தலையாய சடங்கு அதுதான். ஒவ்வொருவரும் எழுந்து தன் பக்கத்துப் பாத்தியின் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பாத்திக்காரர் எழுந்து “நன்றி” சொல்ல வேண்டும். “இடப்பக்கத்துப் பாத்தியில் களை.” “நன்றி.” “வெண்டைக்கு அடியில் களை.” “நன்றி.” இப்படியே வரிசையாக வந்தது. மெக்கானிக்கின் முறை வந்தபோது, அவர் விவரம் தெரியாமல், “அண்ணன் பாத்தி அருமையா இருக்குங்க. குறையே இல்லை” என்றார்.

முன்வரிசைக்காரர் தன் நாற்காலியை அவரிடமிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“புது உறுப்பினர்,” என்றார் செயலாளர், நோயின் பெயரைச் சொல்வதுபோல. “இந்த ஒரு தடவை விட்டுடலாம் தலைவரே.”

தலைவர் எழுந்தார். குரலில் தேன் வழிந்தது. “தம்பி, களைன்னா என்ன? தன்னைத் தானே பார்த்துக்க முடியாத செடி. அதுக்காகத்தான் பக்கத்துல ஒருத்தர் இருக்கார். குறை இல்லைன்னு நீங்க சொன்னா, ஒண்ணு உங்களுக்குக் கண்ணு இல்லை, இல்லைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீங்க. கண்ணு இல்லாதவங்களுக்கும் மறைக்கிறவங்களுக்கும் இங்க இடம் கிடையாது. அன்பு இருக்கிற இடத்துல குறை தெரியணும். என் மனைவிகிட்ட நான் தினமும் ஒரு குறை சொல்லுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. இப்ப அவங்க என்கூட இல்லை. ஆனா போகும்போது அவங்ககிட்ட ஒரு குறையும் பாக்கி இல்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நின்றது.

கூட்டம் முடிந்ததும் மனைவி குழாயடிக்குப் போனாள். புதினா அண்ணன் மெக்கானிக்கின் தோளைத் தொட்டுத் தன் பாத்தியின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு களை, முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது. சுற்றிலும் மண் கொத்தி, உரம் போட்டு, வெயிலுக்கு ஒரு ஓலையும் சாய்த்து வைத்திருந்தார்.

“இதுதாங்க நம்மளைக் காப்பாத்துது. வாராவாரம் நீங்க இதைச் சொல்லுங்க, நான் நன்றி சொல்றேன். உங்க மூலையிலயும் ஒண்ணு விட்டு வைங்க, நான் அதைச் சொல்றேன். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க. புதினா வாடினாலும் பரவாயில்லை, இது வாடினா அவ்வளவுதான்.”

மெக்கானிக் சுற்றிப் பார்த்தார். உண்மைதான். ஒவ்வொரு பாத்தியின் மூலையிலும் ஒரு களை கொழுகொழுவென்று நின்றது. சிலர் அதற்குக் குச்சி நட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு முதியவர் அதன் இலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பறிக்கிறது எப்படிண்ணே? குறை இல்லாத பாத்தியிலதான் பறிக்கலாம்னு மேடம் சொன்னாங்களே.”

“வாரம் தவறாம எல்லாப் பாத்தியிலயும் குறை இருக்கே. அப்புறம் எங்க பறிக்கிறது?” புதினா அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “இந்தத் தோட்டத்துல இதுவரைக்கும் ஒரு காய் பறிச்சு நான் பார்த்ததில்லை.”

பழுத்தது அழுகும், அழுகியது உரக்குழிக்குப் போகும், உரம் திரும்பப் பாத்திக்கு வரும். ஊரிலேயே சிறந்த உரம் என்று சங்கம் கேடயம் வாங்கியிருந்தது. வீட்டுக்குப் போகும்போது உறுப்பினர்கள் இரும்புக் கதவுக்கு எதிரே உள்ள கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கடைக்காரர் சங்கத்தைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் சண்டைக்கு வருவார்.

மெக்கானிக் தங்கள் மூலையிலும் ஒரு களையை விட்டுவைத்தார். ஆனால் இதையெல்லாம் மனைவியிடம் சொல்லவில்லை. செடி முளைத்ததிலிருந்து அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. கிழிந்த புடவை ஒன்றை நாராகக் கிழித்துத் தக்காளிக்குக் கட்டுப் போடும்போது தனக்குத் தானே பாட்டு முணுமுணுத்தாள். அதைக் கேட்டுக்கொண்டே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போட்டார். எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் எத்தனையோ விஷயம் இப்படித்தான் கெட்டுப்போகிறது.

தக்காளி பூத்த வாரம், ஞாயிறு காலை ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோய் அவர் அங்கே மாட்டிக்கொண்டார். மனைவி முன்னால் தனியாகத் தோட்டத்துக்குப் போனாள். அவர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தபோது கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது.

“பாத்தியைப் பளிச்சுனு ஆக்கிட்டேங்க,” என்றாள் அவள், நகக்கண்ணில் மண்ணோடு. “மூலையில ஒரு பெரிய களை இருந்துச்சு, வேரோட பிடுங்கிட்டேன். அண்ணன் பாத்தியிலயும் ஒண்ணு இருந்துச்சு. பாவம், கவனிக்கலை போல. நமக்கு எவ்வளவு உதவி செஞ்சார்! அதையும் பிடுங்கிப் போட்டுட்டேன்.”

மெக்கானிக் வாயெடுப்பதற்குள் எல்லோரும் கூடத்துக்குள் போய்விட்டார்கள்.

கூடத்தில் முதலில் புதினா அண்ணனின் முறை வந்தது. அவர் எழுந்து ஜன்னல் வழியாகத் தங்கச்சியின் பாத்தியைப் பார்த்தார். மூலை காலியாக இருந்தது. தன் பாத்தியைப் பார்த்தார். அதுவும் காலி. ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவி முன்வரிசையில் சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி பாத்தி சுத்தமா இருக்குங்க,” என்றார். “குறை ஒண்ணும் இல்லை.”

தலைவர் மெக்கானிக்கைப் பார்த்தார். “அவர் பாத்தியில?”

மெக்கானிக் எழுந்து நின்றார்.

“அவர் பாத்தியிலயும் குறை இல்லைன்னா ரெண்டும் ஒண்ணு சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம்,” என்றார் செயலாளர். “அப்ப ரெண்டு பாத்தியும் காலி.”

மெக்கானிக் மனைவியின் நகக்கண்ணைப் பார்த்தார். அப்போதுதான் பூத்திருந்த தக்காளிச் செடி அவர் கண்ணுக்குள் வந்தது. “புதினா வேர்,” என்றார். “கயித்தைத் தாண்டி எங்க பக்கம் வந்திருக்கு.”

கூடம் முழுக்க நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. எல்லை தாண்டுவது களையைவிடப் பெரிய குறை, தாண்டினவர் தோட்டத்தைவிட்டே போக வேண்டும். புதினா அண்ணன் ஒரு நிமிஷம் மெக்கானிக்கைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மெக்கானிக் பின்னால் கொஞ்சம் தூங்கியிருக்கலாம். கோபம் இல்லை.

“நன்றி,” என்றார்.

மறுபடி மணி அடித்தது. எல்லோரும் அவரவர் பாத்திக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார்கள். போகிறவரை யாரும் பார்க்கக்கூடாது. பார்வை எல்லோருக்கும் பொது, ஆனால் போகிறவருக்குக் கிடையாது. செருப்பைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வெறுங்காலில் நடப்பவரின் சத்தம் கேட்கவில்லை, இரும்புக் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

புதினாவைப் பிடுங்க எல்லோரும் கைகொடுத்தார்கள். அன்றைக்குத் தோட்டம் முழுக்கப் புதினா மணந்தது. கையைக் கழுவினாலும் போகவில்லை. மனைவிக்கு மட்டும் அது தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவள் கேட்டாள். “நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“பாத்தி போயிருக்கும்.”

“போகட்டுமேங்க.”

“உன் தக்காளி?”

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்குப் பாட்டு இல்லை.

சங்கம் நன்றி மறக்கவில்லை. விழிப்போடு இருந்து குறை கண்டதைப் பாராட்டி, காலியான பாத்தியை மனைவியின் பெயருக்கே கொடுத்தது. தக்காளிச் செடியை அவள் வேர் மண்ணோடு எடுத்து அங்கே நட்டாள். இப்படிப் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பாத்திக்காரர்கள் ஆனார்கள். நடுவில் ஒரு கயிறு. இப்போது மெக்கானிக் களையின் விஷயத்தை அவளிடம் விளக்கிச் சொல்லியாக வேண்டி வந்தது. இருவரும் மூலையில் ஆளுக்கொரு களையை விட்டுவைத்தார்கள்.

“என் மனைவி பாத்தியில் களை.” “நன்றி.” “என் வீட்டுக்காரர் பாத்தியில் களை.” “நன்றி.” கூடத்தில் அவர்களைப் பார்த்து எல்லோரும் நெகிழ்ந்தார்கள். முன்மாதிரித் தம்பதி என்றார் தலைவர்.

அது கூடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் காலை மெக்கானிக் அடுப்படியில் வழக்கம்போல ஒரு கரண்டி வாயில் விட்டு, “உப்பு கம்மி” என்றார்.

“நன்றி,” என்றாள் அவள்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. தான் சொன்னதே அவளுக்குத் தெரியவில்லை, உப்பு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அதற்குப்பின் அவர் ருசி பார்க்கும்போதெல்லாம் எப்படி இருந்தாலும் “சரியா இருக்கு” என்றார். கேண்டீனில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். சங்கத்தின் பொருளாளருக்கும் அதே அலுவலகத்தில்தான் வேலை, மத்தியானச் சாப்பாடு அவள் கையால்தான். அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

தக்காளி பழுத்தது. ஒன்றே ஒன்று, முற்றின சிவப்பில், கிளையை வளைத்துக்கொண்டு தொங்கியது. சனிக்கிழமை சாயந்திரம் அவள் அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் ஒரு வாரம் விட்டா அழுகிடுங்க.”

“அடுத்த காய் வரும்மா.”

“அதுவும் அழுகும்.” அவள் மூலைக்குப் போனாள். களையைப் பிடித்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வேரோடு பிடுங்கிக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவர் காலடியில் போட்டாள். “நாளைக்கு என் பாத்தியில குறை இல்லைன்னு சொல்லிடுங்க. நான் பறிச்சுக்கறேன். அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடலாம்.”

“பாத்தி போயிடுமே.”

“எனக்குப் பாத்தி வேணும்னு நான் கேக்கலையேங்க. தக்காளிதானே கேட்டேன்?”

அவர் வாதாடவில்லை. சொல்லிவிடுவதாகத் தலையாட்டினார். மறுநாள் கூடத்தில் எழுந்து நிற்கும்வரைக்கும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். அதில் கபடம் எதுவும் இல்லை.

ஆனால் கூடத்தில் எழுந்து நின்றபோது, தலைவர் அவரைப் பார்த்தார், செயலாளர் அவரைப் பார்த்தார், சுவரில் இருந்த முன்னாள் தலைவர்கள் பக்கத்துப் படங்களுக்கு நடுவே அவரைக் கடைக்கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. முன்வரிசைக்காரர் நாற்காலியை நகர்த்தத் தயாராகக் கையை வைத்தார். நீலச் செருப்பு மெக்கானிக்கின் நினைவுக்கு வந்தது. மாவு ஒட்டிய காது மடல் நினைவுக்கு வந்தது. பாத்தியைக் காப்பாற்றிவிட்டால் போதும், தக்காளியை எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். சின்னதாக ஒரு குறை, யாருக்கும் வலிக்காத ஒரு குறை. தேடினார். பாத்தியில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு நன்றாக அவள் வைத்திருந்தாள்.

“அவளுக்கு,” என்றார், “நாக்குல ருசி தெரியாதுங்க. காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியாது.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தலைவரின் கண்கள் பனித்தன. “கேட்டீங்களா? இதுதான் குறை! எல்லாரும் வாரா வாரம் களை, களைன்னு சொல்றீங்களே, வெட்கமா இல்லை? வீட்டுக்குள்ள இருந்ததை, ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சதை, இந்தத் தம்பி சங்கத்துக்குக் கொடுத்திருக்கார். இந்த மாதிரி ஒரு பார்வைக்காகத்தான் அந்த நாற்காலியை இத்தனை காலம் காலியா வெச்சிருந்தோம்.”

“களையைப் பிடுங்கிடலாம். நாக்கை என்ன செய்யறது?” என்றார் செயலாளர். “திருத்த முடியாத குறை. அம்மா பாத்தி ஐயா பாத்தியோட சேர்க்கப்படுது.”

மனைவி எழுந்து நின்றாள். கூடம் “நன்றி” என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது. அவள் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். மணி அடித்தது.

எல்லோரும் போய் முதுகைக் காட்டி நின்றார்கள். மெக்கானிக்கும் தன் பாத்தியைப் பார்த்து நின்றார். காலடியில் நேற்று அவள் பிடுங்கிப் போட்ட களை வதங்கிக் கிடந்தது. அதன் பக்கத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு புதினாக் கொழுந்து வந்திருந்தது. பின்னால் செருப்பைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. இனி கதவுச் சத்தம்தான் என்று நினைத்தார். இல்லை. காம்பு ஒடியும் சத்தம், மிக அருகில். கடிக்கும் சத்தம். மெதுவாக மெல்லும் சத்தம்.

“புளிக்குது,” என்றாள் அவள். மூச்சு அடைத்த குரல். “ஏங்க... புளிக்குதுங்க.”

அவர் உடம்பு அந்தக் குரலுக்குத் திரும்பத்தான் பார்த்தது.

“திரும்பாதீங்க,” என்றார் செயலாளர், எங்கிருந்தோ.

அவர் திரும்பவில்லை. காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இரும்புக் கதவு உடனே சாத்தவில்லை. பிறகு சாத்தியது.

மணி அடித்து எல்லோரும் திரும்பியபோது செயலாளர் தக்காளிச் செடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். காம்பின் முனையில் ஈரம் காயவில்லை. கீழே ஒரு ஜோடி செருப்பு, நேராக.

“ஐயா, இப்ப இது உங்க பாத்தி,” என்றார் அவர், அன்பாக. “இதுல ஒரு பழம் குறையுதே?”

மெக்கானிக் நிமிர்ந்து நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நன்றி,” என்றார்.